மான் மேயும் பாத்தி: சப்ரகமுவத் தோட்டங்களில் மரக்கறி யாருக்கு விளைகிறது?

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் மரக்கறி வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், விலைவாசிக்கு அடுத்ததாக வருவது காட்டு விலங்குகளின் கதைதான். போஞ்சி பூக்கும் நேரத்தில் ஒரே இரவில் நுனியெல்லாம் போய்விடுகிறது. மரவள்ளி மூடு மூடாகத் தோண்டப்பட்டுக் கிடக்கிறது. வத்தாளைக் கொடியில் காம்பு மட்டும் மிஞ்சுகிறது. நாளொன்றுக்கு மரக்கறிக்கு இவ்வளவு என்று ஒதுக்கிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு அது சின்ன இழப்பு அல்ல.

2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடங்கள், பயிர்களை நாசமாக்கும் விலங்குகளை நாடு முழுவதும் மக்களைக் கொண்டே எண்ண வைத்தது அரசாங்கம். எண்ணிக்கை தேவைதான். ஆனால் அந்த விலங்கு ஏன் அந்தப் பாத்தியைத் தேடி வருகிறது, பக்கத்துப் பாத்தியை விட்டுவிட்டு இதில் ஏன் வாய் வைக்கிறது என்பதற்கு எண்ணிக்கையில் பதில் இல்லை.

அந்தப் பதிலை மிக விரிவாக எழுதி வைத்திருப்பவர்கள், நமக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு கூட்டத்தினர். அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள்.

மானுக்காக விதைப்பவர்கள்

அமெரிக்காவில் வெள்ளைவால் மானை உரிய காலத்தில் அனுமதிப்பத்திரத்தோடு சுடலாம். சொந்தக் காணி உள்ளவர்கள் மானைத் தங்கள் பக்கம் இழுப்பதற்காகவே பயிர் வைக்கிறார்கள். அதை 'உணவுப் பாத்தி' என்று சொல்கிறார்கள். பல மாநிலங்களில் சோளத்தைக் கொட்டி வைத்து மானை வரவழைத்துச் சுடுவது தடை. விதைத்து வளர்த்தால் அந்தத் தடை பெரும்பாலும் பொருந்தாது. அதனால் இது ஒரு பெரிய வியாபாரமாகவே வளர்ந்திருக்கிறது.

அவர்கள் செய்வது இதுதான். முதலில் மண்ணைப் பரிசோதிக்கிறார்கள். மண் புளிப்பாக இருந்தால் சுண்ணாம்பு போட்டு அதைத் தணிக்கிறார்கள். பிறகு குளோவர் என்ற அவரையினப் புல், ஓட்ஸ், தட்டைப்பயறு, சோயா, டர்னிப் போன்றவற்றைப் பருவம் பார்த்து விதைக்கிறார்கள். பசளையிட்டுக் களை பிடுங்குகிறார்கள். குளோவர் முற்றிவிடாமல் இடையிடையே வெட்டிவிட்டு, இளந்தளிர் வந்துகொண்டேயிருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

இடத்தைத் தெரிவதில்தான் அவர்களுடைய கவனம் முழுவதும் இருக்கிறது. நல்ல பாத்தி காட்டை ஒட்டியிருக்க வேண்டும். அகலமாக அல்லாமல் நீளமாக, வளைந்து நெளிந்து இருக்க வேண்டும். அப்போதுதான் பாத்தியின் எந்தப் புள்ளியிலிருந்தும் மான் இரண்டு பாய்ச்சலில் மறைவுக்குப் போக முடியும். பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். மனித நடமாட்டம் காலை மாலை குறைவாக இருக்க வேண்டும். மான் பொழுது சாயும் நேரத்திலும் விடியும் நேரத்திலும் இறங்கி மேயும் விலங்கு.

இன்னொரு சின்ன உத்தியும் உண்டு. பாத்தியின் நடுவில் ஒரு கம்பிக் கூடையைக் கவிழ்த்து வைக்கிறார்கள். கூடைக்குள் வளர்ந்ததையும் வெளியில் மிஞ்சியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மான் எவ்வளவு தின்றது என்று தெரிந்துவிடும்.

அதே கணக்கு இங்கே

இந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகல பக்கத்துத் தோட்டங்களில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். லயத்துப் பாத்திகளில் பல அந்த வேட்டைக்காரர் தேடும் இடமாகவே இருக்கும்.

நல்ல நிலத்தில் தேயிலையோ றப்பரோ நிற்கிறது. தொழிலாளிக்கு மிஞ்சுவது ஓடைக்கரை, பள்ளத்தின் ஓரம், காட்டு விளிம்பு. அது நீளமாக, வளைந்து, தண்ணீருக்குப் பக்கத்தில், மறைவை ஒட்டியே இருக்கிறது. இரத்தினபுரி மாவட்டத்தின் ஒரு பக்கம் சிங்கராஜவனம், இன்னொரு பக்கம் சிவனொளிபாதமலைக் காடு. கேகாலை மாவட்டத்தின் கிழக்கு ஓரமும் அந்தக் காட்டைத் தொடுகிறது.

மண்ணும் அப்படித்தான். மழை கொட்டும் ஈரவலயத்துச் செம்மண் புளிப்பானது. தேயிலைக்கு அது பிடிக்கும், போஞ்சிக்கும் கோவாவுக்கும் பிடிக்காது. அதனால் டொலமைட் தூவி, மாட்டெரு போட்டு மண்ணைத் திருத்துகிறோம். அப்படித் திருத்திய மண்ணில் வளரும் இலை, சுற்றியிருக்கும் காட்டு இலையைவிட மெதுவானது, புரதம் கூடியது. மான், மாட்டைப்போல முரட்டுப் புல்லை வயிறு நிறைய மேய்வதை விட, சத்துள்ள தளிரைத் தெரிந்தெடுத்துத் தின்பதையே விரும்பும். எரு போட்ட பாத்தி அதற்கு விருந்து.

மூன்றாவது காரணம் கைவிடப்பட்ட நிலம். ஆட்கள் குறைந்ததாலோ இலாபம் இல்லாததாலோ பராமரிக்காமல் விட்ட தேயிலை மலைகள் சில வருடங்களிலேயே பற்றைக்காடாகின்றன. பகலில் ஒளிந்து கிடப்பதற்கு அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

வன்னி வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இடம்பெயர்ந்து, பிறகு சொந்தக் காணிக்குத் திரும்பியவர்கள் கண்டது இதே காட்சிதான். மனிதர் இல்லாத வருடங்களில் வளவு பற்றையாகி, பற்றைக்குள் பன்றியும் மானும் குடிவந்திருந்தன. வன்னிக்கும் சப்ரகமுவவுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. 1977இலும், 1981 ஆகஸ்டிலும் நடந்த வன்முறைகளில் இந்தத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறின. அவர்கள் அங்கே முதலில் கற்றதும், காட்டு விளிம்பில் பயிர் வைத்தால் இரவெல்லாம் காவல் இருக்க வேண்டும் என்பதைத்தான்.

தின்றது யார்?

எல்லாப் பழியும் மான்மேல் விழுவதும் உண்டு. இந்தப் பகுதியில் பாத்திக்கு வரக்கூடியவை பல: மரை, கேளையாடு, உக்கிளான், காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, முயல், குரங்கு. புள்ளிமான் பெரும்பாலும் உலர்வலயத்து விலங்கு. உடவளவைப் பக்கம் அதைக் காணலாம், ஈரமான மலைத் தோட்டங்களில் அல்ல.

கடித்த இடத்தைப் பார்த்தே பெரும்பாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். மான் இனத்துக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அது இலையைக் கவ்வி இழுத்துப் பிய்க்கும். ஆகவே தண்டின் முனை நார் நாராகக் கிழிந்திருக்கும். முயல் கடித்தால் கத்தியால் சரித்து வெட்டியதுபோல் சுத்தமாக இருக்கும். பன்றி மண்ணைக் கிளறிப் புரட்டிவிடும். முள்ளம்பன்றி கிழங்கையும் அடித்தண்டையும் கறண்டும், ஒன்றிரண்டு முள்ளையும் விட்டுப்போகும். குரங்கு பகலில் வரும், பாதி தின்று மீதியை எறியும். எவ்வளவு உயரத்தில் கடி இருக்கிறது என்பதும் உதவும். இடுப்புயரத்துக்கு மேல் நுனி பிய்ந்திருந்தால் மரை என்று எண்ணலாம். கேளையாடு சிறியது, தாழ்வாகவே மேயும்.

யார் என்று தெரியாமல் வேலி போட்டால் காசு வீண். பன்றிக்குப் போடும் வேலி மரையை நிறுத்தாது. மரைக்குப் போடும் வேலியின் அடியால் பன்றி நுழைந்துவிடும்.

சுருக்குக் கம்பி

தோட்டங்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சுருக்கு. மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பி ஒன்று இருந்தால் போதும். செலவில்லை, காவலும் வேண்டாம், பன்றி மாட்டினால் இறைச்சியும் கிடைக்கும். பலாங்கொடைப் பக்கத்தில் நான் பேசிய வயதான தொழிலாளி ஒருவர், "பன்னிக்குத்தான் தம்பி வைக்கிறாங்க. ஆனா கம்பிக்கு கண்ணு இல்லையே" என்றார்.

2020 மே மாத இறுதியில், மாகாண எல்லைக்குச் சற்று அப்பால், நல்லதண்ணி லக்ஷபான தோட்டப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் சிக்கியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் அது இறந்துவிட்டது. அதுபோலப் பல சிறுத்தைகள் மலைநாட்டுச் சுருக்குகளில் மடிந்திருக்கின்றன. இதில் ஒரு சிக்கல் உண்டு. மானையும் பன்றியையும் கட்டுக்குள் வைத்திருப்பதே சிறுத்தைதான். சிறுத்தை செத்தால் அடுத்த போகத்தில் பாத்திக்கு வருபவை கூடும்.

சட்டமும் தெளிவானது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், அதன் பிந்திய திருத்தங்களோடு, மானையும் மரையையும் பாதுகாக்கிறது. கொல்வது மட்டுமல்ல, இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். பன்றிக்கு அந்தளவு பாதுகாப்பு இல்லை என்றாலும், பன்றிக்கு வைத்த சுருக்கில் மரையோ சிறுத்தையோ சிக்கினால் வைத்தவர் குற்றவாளிதான். அமெரிக்கர் செய்வதுபோல் பாத்தி வைத்து மானை வரவழைத்துச் சுடும் வழி இங்கே யாருக்கும் இல்லை.

ஒரு காலத்தில் இருந்தது, ஆனால் அது நமக்கு இருக்கவில்லை. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டைநாய்களோடு மரை துரத்துவதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தார். அதைப் புத்தகமாகவும் எழுதினார். பின்வந்த துரைமார் பலருக்கும் வேட்டை விளையாட்டுத்தான். காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் வைத்து, மிஞ்சிய காட்டை மலையுச்சிக்கும் பள்ளத்துக்கும் துரத்தியதும் அதே காலம்தான். இன்றைய லயத்துப் பாத்தி அந்த எல்லைக்கோட்டில் நிற்கிறது.

மின்சாரக் கம்பியை நேராக இழுத்து வேலியில் கட்டுவது இன்னும் ஆபத்தானது. அது சட்டவிரோதம் என்பதற்கு மேலாக, விடியலில் தண்ணீர் எடுக்கப் போகும் பிள்ளையையும் அது கொல்லும்.

தலைகீழாகச் செய்யலாம்

வேட்டைக்காரர் மானை வரவழைக்கச் செய்வதையெல்லாம் தலைகீழாகச் செய்வதுதான் நமக்கான வழி.

அவர்கள் மறைவை ஒட்டிப் பாத்தி வைக்கிறார்கள். நாம் பாத்திக்கும் பற்றைக்கும் இடையில் பத்துப் பதினைந்து அடியாவது வெட்டி வெளியாக்க வேண்டும். மறைவில்லாத வெளியைக் கடக்க மான் தயங்கும்.

அவர்கள் நீளமாக வைக்கிறார்கள். முடிந்தால் நாம் சதுரமாக, லயத்துப் பக்கமாக ஒடுக்கி வைக்க வேண்டும். போஞ்சி, பயற்றை, கோவா, வத்தாளை போன்ற மான் விரும்பும் பயிர்கள் வீட்டுக்குக் கிட்டவும், மஞ்சள், இஞ்சி, மிளகாய், சேரைப்புல் போன்ற காரமும் வாசனையும் உள்ளவை காட்டுப் பக்கமும் இருக்கட்டும். இவற்றை மான் தொடவே தொடாது என்று சொல்ல முடியாது. பசி கூடினால் தொடும். ஆனால் விருப்பம் குறைவு.

மரை ஆறடி வேலியையும் தாண்டும். அவ்வளவு உயரத்துக்கு வேலி போட எங்கள் சனத்திடம் பணம் இல்லை. ஆனால் மான், இறங்கப்போகும் இடம் தெரியாவிட்டால் பாய யோசிக்கும். பழைய சேலையைச் சுற்றிக் கட்டும் வழக்கம் பயன் தருவது இதனால்தான். நிறத்துக்குப் பயந்தல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததால். நாலடி இடைவெளியில் இரண்டு தாழ்வான வேலிகள் போடுவதும் அதே காரணத்தால் உதவும். பன்றி வரும் இடமானால் வேலியின் அடிப்பகுதியைக் கல்லோ தகரமோ வைத்து இறுக்க வேண்டும்.

விழுந்த பலாப்பழத்தையும் கொய்யாவையும் பாத்திக்குப் பக்கத்தில் அழுக விடக் கூடாது. கேளையாட்டுக்கும் பன்றிக்கும் அது அழைப்பிதழ். கம்பிக் கூடை உத்தியையும் கடன் வாங்கலாம். இரண்டு செடியைக் கூடையால் மூடி வைத்து, மற்றவற்றோடு ஒப்பிட்டுப் படம் எடுத்து வைத்தால், எவ்வளவு இழந்தோம் என்று யாரிடமும் காட்டலாம்.

காணி யாருடையது

ஆனால் இந்த ஆலோசனைகள் எல்லாம் ஒரு இடத்தில் வந்து முட்டுகின்றன. பற்றையை வெட்ட, வேலி நட, பாத்தியை இடம் மாற்ற, காணி உங்களுடையதாக இருக்க வேண்டும். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. லயத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்குப் பாத்தி போட்ட மண்ணுக்கு எந்த எழுத்தும் இல்லை. அண்மைய வீட்டுத் திட்டங்களில் பேசப்பட்ட 7 பேர்ச்சில் வீட்டைக் கட்டியபின் மிஞ்சும் மண் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விலங்கு தின்றது என்று முறைப்பாடு செய்யப் போனால், 'யாரைக் கேட்டு நட்டாய்' என்ற கேள்வி வந்துவிடுமோ என்று பயந்து பேசாமல் இருப்பவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

அரசாங்கத்துக்கு மானின் உணவைப் பற்றித் தெரியாமல் இல்லை. உடவளவைத் தேசிய வனத்தில் சிங்களத்தில் கந்தபான எனப்படும் உண்ணிச்செடிப் பற்றைகளை அகற்றிப் புல்வெளி உண்டாக்கும் வேலைகள் நடந்திருக்கின்றன. காட்டுக்குள் தீனி இருந்தால் விலங்கு வெளியே வருவது குறையும் என்ற கணக்கு அது. அதே கணக்கைத் தோட்ட எல்லைகளிலும் போடலாம். கைவிட்ட தேயிலை மலைகளைப் பற்றையாகக் கிடக்க விடாமல், காட்டை ஒட்டியதைக் காடாக்கவும், லயத்தை ஒட்டியதைத் துப்புரவாக்கித் தொழிலாளிக்கு எழுதிக் கொடுக்கவும் முடியும். வேலிக்கு உதவி, சுருக்கைக் கழற்றச் சொல்லும் அதிகாரியின் கையோடு வர வேண்டும். அது இல்லாமல் சட்டத்தை மட்டும் கொண்டுவந்தால், பாத்தி வைத்தவருக்கு மிஞ்சுவது கிழிந்த நுனியும் நீதிமன்றத் தவணையும்தான்.