ஆப்டிமஸ் பிரைம் ரோபோ பொம்மையை மதிப்பிடுதல்

ஆப்டிமஸ் பிரைம் என்பது டிரான்ஸ்ஃபார்மர்ஸ் அறிவியல் புனைகதைத் தொடரில் வரும் ஆட்டோபாட் ரோபோக்களின் தலைவன் ஆகும். இப்பாத்திரத்தின் பெயரில் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1984-இல் வெளியிட்ட, லாரியாக உருமாறும் பொம்மை, சேகரிப்பாளர்கள் பெரிதும் நாடும் பொருள்களுள் ஒன்று. அது அசலானதா, முழுமையானதா, எந்த நிலையில் உள்ளது என்று ஆராய்ந்து முடிவு செய்வதே மதிப்பிடுதல் எனப்படும். இதே பொம்மையின் மறுவெளியீடுகளும் போலிகளும் சந்தையில் இருப்பதால், ஆராயாமல் வாங்குபவர் அண்மைக்காலப் பொம்மை ஒன்றுக்குப் பழம்பொருளின் விலையைக் கொடுக்க நேரலாம்.

தோற்றம்

இப்பொம்மை ஹாஸ்ப்ரோ வடிவமைத்தது அன்று. ஜப்பானின் டக்காரா நிறுவனம் தனது டயக்லோன் பொம்மை வரிசையில் 1983-இல் 'பேட்டில் கான்வாய்' என்ற பெயரில் இதை வெளியிட்டது. டக்காராவிடம் உரிமம் பெற்ற ஹாஸ்ப்ரோ, இதையும் வேறு பல பொம்மைகளையும் சேர்த்து டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற புதிய வரிசையை உருவாக்கியது. பாத்திரங்களுக்குரிய பெயர்களும் கதையும் மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தினரின் உதவியுடன் அமைக்கப்பட்டன. ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயரைச் சூட்டியவர் எழுத்தாளர் டென்னிஸ் ஓ'நீல். ஜப்பானில் இப்பாத்திரம் கான்வாய் என்றும் அழைக்கப்படுகிறது.

1986-இல் வெளிவந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் அசைவூட்டத் திரைப்படத்தில் ஆப்டிமஸ் பிரைம் இறப்பதாகக் காட்டப்பட்டது. அது அக்காலக் குழந்தைகள் பலரை ஆழமாகப் பாதித்தது. அக்குழந்தைகள் வளர்ந்து சேகரிப்பாளர்கள் ஆனது இப்பொம்மைக்குத் தொடர்ந்து தேவை இருப்பதற்கு ஒரு காரணம்.

அசலா, மறுவெளியீடா, போலியா

மதிப்பிடலின் முதல் படி பொம்மையின் காலத்தை அறிதல். இதற்கு ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாமல் பலவற்றை ஒப்பிட வேண்டும்.

புகைபோக்கிகள்: லாரி முகப்பின் இருபுறமும் உள்ள புகைபோக்கிகள் 1984-ஆம் ஆண்டுப் பொம்மையில் நீளமானவை. 2002-இல் அமெரிக்காவில் வந்த மறுவெளியீட்டில் பாதுகாப்பு விதிகளுக்காக அவை குட்டையாக்கப்பட்டன. எனவே முனை உடையாத குட்டைப் புகைபோக்கி இருந்தால் அது 1984-ஆம் ஆண்டினது அன்று எனலாம். ஆனால் நீளமான புகைபோக்கி இருப்பதாலேயே அசல் என்று கூறிவிட முடியாது. போலிகளிலும் நீளமானவை உண்டு.

வெப்பத்தில் நிறம் மாறும் ஒட்டி: விரலால் தேய்த்தால் ஆட்டோபாட் சின்னம் தோன்றும் ஒட்டி 1985 முதல் சேர்க்கப்பட்டது. இது பொம்மை எந்த ஆண்டின் தயாரிப்பு என அறிய உதவும்.

அச்சுப் பொறிப்பு: நிறுவனப் பெயரும் உரிமை ஆண்டும் பொம்மையில் பொறிக்கப்பட்டிருக்கும். உரிமை ஆண்டு என்பது உற்பத்தி ஆண்டு அன்று. மறுவெளியீட்டிலும் பழைய ஆண்டு இருக்கக்கூடும். எழுத்துகள் மங்கியோ அழிக்கப்பட்டோ இருந்தால் போலியோ என ஐயுற வேண்டும்.

மறுவெளியீடு தரத்தில் தாழ்ந்தது என்று பொருளில்லை. அதை அசல் என்று சொல்லி விற்பதே தவறு.

முழுமை

இப்பொம்மை லாரி முகப்பு, ட்ரெய்லர் என இரு பெரும் பகுதிகளைக் கொண்டது. முகப்பு ரோபோவாக மாறும். ட்ரெய்லர் திறந்து போர்த்தளமாகும். அதனுள்ளிருந்து ரோலர் என்னும் சிறு வண்டி விசையால் வெளியே உந்தப்படும். கழற்றி மாட்டும் இரு கைமுட்டிகள், கறுப்புத் துப்பாக்கி, எரிபொருள் பம்பும் குழாயும், ஏவுகணைகள் ஆகியவை உடன்வரும் சிறு பாகங்கள்.

முதலில் தொலைபவை கைமுட்டிகள். உருமாற்றும்போது அவற்றைக் கையிலிருந்து கழற்றி வைக்க வேண்டும் என்பதே இதற்குக் காரணம். எனவே எல்லாச் சிறு பாகங்களும் உள்ள பொம்மைக்கு, சில பாகங்கள் இல்லாததைவிட மதிப்பு கூடுதல். பாகங்கள் தனித்தனியாகவும் விற்கப்படுகின்றன. பிற்காலத்தில் செய்யப்பட்ட மாற்றுப் பாகம் பொருத்தப்பட்டிருந்தால் விற்பவர் அதைத் தெரிவிக்க வேண்டும். நிறமும் பளபளப்பும் மற்றப் பகுதிகளோடு ஒத்துப்போகாத பாகத்தைக் கூர்ந்து பார்ப்பது நல்லது.

நிலை

பளபளக்கும் குரோம் பூச்சு தேய்ந்துள்ளதா, மூட்டுகள் தளர்ந்துள்ளனவா, ட்ரெய்லரின் கீல்கள் உடைந்துள்ளனவா, ஒட்டிகள் உரிந்துள்ளனவா என வரிசையாகப் பார்க்க வேண்டும். ரோபோவைத் தரையில் நிறுத்தினால் சாயாமல் நிற்பது மூட்டுகள் இறுக்கமாக இருப்பதற்கு அறிகுறி.

வெளிறிய நிறமுள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஒளியாலும் காற்றிலுள்ள ஆக்சிசனாலும் நாளடைவில் மஞ்சளாகிறது. சிவப்பு போன்ற அடர்ந்த நிறங்கள் வெயிலில் வெளிறுகின்றன. மஞ்சளைப் போக்கச் சிலர் ஹைட்ரசன் பெராக்சைடு தடவி வெயிலில் வைப்பர். இம்முறையில் நிறம் திட்டுத்திட்டாக மாறலாம், ஒட்டிகள் கெடலாம், மஞ்சள் மீண்டும் வரவும் கூடும். இவ்வாறு வெளுக்கப்பட்ட பொம்மையின் உண்மையான வயதையும் அது இருந்த சூழலையும் பிளாஸ்டிக்கைப் பார்த்து அறிவது கடினமாகிவிடும். ஆகவே விற்பதற்கு முன் மென்மையான தூரிகையால் தூசியை நீக்குவதோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பானது.

பெட்டியும் தாள்களும்

பெட்டி, உள்தட்டு, விளக்கக் கையேடு, ஒட்டித் தாள் ஆகியவையும் மதிப்பைக் கூட்டும். அக்காலப் பெட்டிகளில் 'ரோபோ பாயிண்ட்' என்னும் புள்ளிச்சீட்டு அச்சிடப்பட்டிருந்தது. அதை வெட்டி அஞ்சலில் அனுப்பினால் சிறப்புப் பொம்மைகளை வாங்கலாம் என்பதால் பல பெட்டிகளில் அப்பகுதி இருக்காது. பெட்டி அட்டையில் ஒரு துண்டு வெட்டப்பட்டிருப்பது மதிப்பைக் குறைக்கும். ஆனால் அது பொம்மை போலி என்பதற்கு அறிகுறி ஆகாது.

தரமதிப்பீடும் விலையும்

சேகரிப்பாளர்கள் நிலையைக் குறிக்க சி1 முதல் சி10 வரையிலான அளவுகோலைப் பயன்படுத்துகின்றனர். இதில் சி10 மிக உயர்ந்தது. இது பார்ப்பவரின் கணிப்பைச் சார்ந்தது. ஆக்‌ஷன் ஃபிகர் அத்தாரிட்டி போன்ற நிறுவனங்கள் கட்டணம் பெற்று 100 புள்ளிகளுக்கு மதிப்பெண் அளித்து, பொம்மையை அக்ரிலிக் பெட்டியில் மூடித் தருகின்றன. இம்மதிப்பெண் பொருளின் நிலையைக் குறிக்குமே தவிர, விலைக்கு உறுதி தராது.

விலையை அறிய, விற்பவர்கள் கேட்கும் தொகையைப் பார்ப்பதில் பயனில்லை. அதே வெளியீடு, அதே பாகங்கள், அதே நிலை கொண்ட பொம்மை அண்மையில் உண்மையாக விற்ற தொகையோடு ஒப்பிட வேண்டும். திறக்கப்படாத பெட்டியின் விலையைக் கொண்டு, கைமுட்டி இல்லாத பொம்மையை மதிப்பிடுவது இத்துறைக்குப் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழையாகும்.