பெரிய ரிவால்வருக்கு எந்த உறை?

1955-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் .44 மேக்னம் தோட்டாவுக்கென ஒரு ரிவால்வரைத் தயாரித்தது. பின்னாளில் மாடல் 29 என்று பெயர் பெற்றது அதுதான். துருப்பிடிக்காத எஃகில் செய்த அதன் உடன்பிறப்பு மாடல் 629. நான்கு அங்குலக் குழல் கொண்ட 629-ஐ ஆறு தோட்டாக்களோடு நிறுத்தால் ஏறத்தாழ 1.3 கிலோ வரும். சிலிண்டரின் குறுக்களவு சுமார் 43 மில்லிமீட்டர். இன்று அந்நாட்டில் பலரும் சட்டைக்குள் வைத்துக்கொள்ளும் கிளாக் 19 பிஸ்டலின் மேற்பகுதித் தடிமனோ 25 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அலாஸ்காவிலும் மொன்டானாவிலும் கரடி நடமாடும் காட்டுப் பாதைகளில் போகிறவர்கள் இன்னமும் .44-ஐ விடுவதில்லை. மேக்கோட்டுக்கு அடியில் அதை அணிய வேண்டுமென்றால், உறையைத் தேர்ந்தெடுப்பதில் நிறையக் கவனம் வேண்டும்.

உறையில் முதலில் பார்க்க வேண்டியது விசை முழுவதும் மூடியிருக்கிறதா என்பதை. இப்படிப்பட்ட ரிவால்வர்களில் விரலால் போட்டு எடுக்கும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. சுத்தியலைப் பின்னுக்கு இழுக்காமல் நேரடியாகச் சுட, விசையைச் சுமார் ஐந்து கிலோ அழுத்தத்துடன் நீளமாக இழுக்க வேண்டும். விசை தற்செயலாக இழுபடாமல் காப்பது அந்தக் கடினம்தான். 1920-களில் டெக்சஸில் புகழ்பெற்ற டாம் த்ரீபர்சன்ஸ் பாணி உறையில் விசையும் அதைச் சுற்றியுள்ள வளையமும் வெளியே தெரியும். எடுத்தவுடன் விரல் போய்ச் சேரட்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். அந்த அமைப்பில் இன்றும் அழகான தோல் உறைகள் விற்பனைக்கு வருகின்றன. மறைத்து அணிய அவை வேண்டவே வேண்டாம். சட்டை நுனியோ, மேக்கோட்டின் இழுவைக் கயிறோ அந்த வளையத்துக்குள் நுழைந்துவிட்டால், உறைக்குள் திரும்ப வைக்கும்போது துப்பாக்கி வெடித்துவிடலாம்.

இதே காரணத்தால் உறையின் வாய்ப்பகுதியும் முக்கியம். துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் திறந்தபடியே நிற்க வேண்டும். நல்ல தோல் உறைகளில் அங்கே கூடுதலாக ஒரு தோல் பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். பழையதாகித் துவண்டுபோன உறையின் விளிம்பு உள்நோக்கி மடிந்து விசையை அழுத்திய விபத்துகள் உண்டு. தோல் துவண்டுவிட்டால், எவ்வளவு பணம் கொடுத்து வாங்கியதானாலும் தூக்கி எறிந்துவிடுவதே சரி.

அடுத்தது எடை. இதில் உறையைவிட பெல்ட்டுக்கே வேலை அதிகம். கடையில் கால்சட்டையோடு சேர்த்து வாங்கும் மெல்லிய பெல்ட், 1.3 கிலோவைத் தாங்காமல் வெளிப்பக்கமாகச் சாயும். துப்பாக்கியின் பிடி உடம்பை விட்டு விலகி, மேலே போட்ட துணியில் புடைத்துத் தெரியும். அங்குள்ளவர்கள் இதை ‘பிரிண்டிங்’ என்கிறார்கள். பெரும்பாலும் புடைத்துக் காட்டிக்கொடுப்பது இந்தப் பிடிதான். குழல் கீழ்நோக்கித் தொடையோடு ஒட்டி மறைந்துகொள்ளும். ஒன்றரை அங்குல அகலத்தில், இரண்டு அடுக்குத் தோலை ஒட்டித் தைத்த பெல்ட் இருந்தால் இந்தத் தொல்லையில் பாதி தீர்ந்துவிடும். உறைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை இதற்கு எடுத்து வைப்பது வீண் செலவல்ல.

பெல்ட் நன்றாக அமைந்தபின், வெளிப்பக்கமாக அணியும் ‘பான்கேக்’ வகை உறையைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். இரண்டு தட்டையான தோல்களுக்கு நடுவே துப்பாக்கி இருக்க, முன்னும் பின்னும் உள்ள துளைகள் வழியாக பெல்ட் நுழையும். இறுக்கும்போது இரு பக்கமும் உடம்போடு ஒட்டி வளைவதால் எடை பரவும், பிடியும் உள்ளே இழுபடும். வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், பிடி கொஞ்சம் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும்படி அணிந்தால், தளர்வான மேற்சட்டை ஒன்றே மறைக்கப் போதும்.

கால்சட்டைக்கு உட்புறம் அணியும் உறை இன்னும் நன்றாக மறைக்கும். ஆனால் 43 மில்லிமீட்டர் பருமன் நாள் முழுவதும் இடுப்பெலும்பை அழுத்திக்கொண்டிருக்கும். கால்சட்டையையும் ஓரளவு பெரிதாக வாங்க வேண்டியிருக்கும். அடிவயிற்றுக்கு முன்னால் வைப்பதோ, இந்த அளவுத் துப்பாக்கிக்குச் சற்றும் பொருந்தாது. உட்காரும்போது குழல் தொடையில் குத்தும். அதன் முனை தொடைத் தமனியை நோக்கியிருக்கும்.

தோளில் தொங்கும் உறை என்றதும் 1971-இல் வந்த ‘டர்ட்டி ஹாரி’ படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கோட்டுக்குள்ளிருந்து மாடல் 29-ஐ எடுப்பது பலருக்கு நினைவு வரும். நெடுநேரம் கார் ஓட்டுகிறவருக்கு இந்த வகை உண்மையிலேயே வசதி. இருக்கைப் பட்டி இடுப்பில் இடிக்காது, எடை இரு தோள்களிலும் பிரியும். பெரிய ரிவால்வரானால் குழல் கீழ்நோக்கி நிற்கும் அமைப்பை வாங்க வேண்டும். கிடையாகத் தொங்கினால் முனை பின்னால் நிற்பவரை நோக்கும், நீளமும் முதுகுப் பக்கம் துருத்தும். எடுக்கும்போது குழல் பக்கவாட்டில் வீசி வருவதால் சில சுடுபயிற்சிக் களங்களில் இதை அனுமதிப்பதில்லை. கோட்டைக் கழற்ற முடியாது என்பதும் கோடையில் பெரிய சங்கடம். அலாஸ்காவில் மீன்பிடிக்கப் போகிறவர்களும் வேட்டை வழிகாட்டிகளும் மார்புக்குக் குறுக்கே கட்டும் உறையை விரும்புகிறார்கள். முதுகுப்பையின் இடுப்புப் பட்டைக்கோ, இடுப்பளவு நீரில் இறங்குவதற்கோ அது தடையாவதில்லை.

தோலா, கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கா என்பது பெரிய விவாதம். கைடெக்ஸ் மழையிலும் வியர்வையிலும் மாறாது, வாயும் மடியாது. தோல் உடம்புக்கு இதமானது, ஓசை எழுப்பாது. ஈரமான காட்டுக்குக் கைடெக்ஸ், அன்றாட உடைக்குத் தோல் என்பது என் தேர்வு. எதுவானாலும் உங்கள் மாடலுக்கும் குழலின் அமைப்புக்கும் வார்த்ததாக இருக்கட்டும். 629-இலேயே குழலின் அடிப்பகுதி முழு நீளத்துக்கும் தடித்த வகை உண்டு. மெல்லிய வகைக்கு வார்த்த உறையில் அது நுழையாது. ‘எல்லா ரிவால்வருக்கும் பொருந்தும்’ என்று விற்கும் நைலான் உறை எதற்கும் சரியாகப் பொருந்துவதில்லை. சுத்தியலுக்கு மேலே வந்து, கட்டைவிரலால் தட்டினால் திறக்கும் பட்டை இருந்தால் இரட்டை நன்மை: துப்பாக்கி நழுவாது, சுத்தியலும் தற்செயலாகப் பின்னுக்குப் போகாது.

மறைத்து எடுத்துச் செல்லும் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 2022-இல் புரூயென் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வீட்டுக்கு வெளியேயும் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பு தரும் உரிமை என்றது. ஆயினும் உரிமம் கேட்கும் மாநிலங்கள் இன்றும் உள்ளன. எல்லை தாண்டுமுன் அங்குள்ள விதியைப் படித்துவிட வேண்டும்.

வாங்கி வந்தவுடன் சிலிண்டரைத் திறந்து, தோட்டா இல்லையென்று இருமுறை பாருங்கள். காலித் துப்பாக்கியோடு நாற்காலியில் உட்காருங்கள், குனிந்து காலணிக் கயிறு கட்டுங்கள், காரில் ஏறி இறங்குங்கள். உட்காரும்போது இருக்கை குழலை மேலே தள்ளி, பிடி விலாவில் குத்தினால் உறையைப் பெல்ட்டில் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திப் பாருங்கள். அப்படியும் தீரவில்லையென்றால் இன்னும் உயரமாக நிற்கும் உறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.