எண்ணெய் வச்சும் பொடுகு போகலையா? மூக்கோரம் தோல் உரியுதா? காரணம் இதுதான்!

எத்தனை ஷாம்பு மாற்றினாலும் பொடுகு திரும்ப வருகிறது. மூக்கோரம், புருவம், காதுக்குப் பின்னால் தோல் சிவந்து, பிசுபிசுப்பான மஞ்சள் செதில் உதிர்கிறது. 'தலை காஞ்சு போச்சு' என்று வீட்டில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் தேய்த்து விடுவார்கள். சிக்கலே அங்கதான்!

இதற்குப் பெயர் செபோரிக் டெர்மடைடிஸ். காரணம் வறட்சி அல்ல. எல்லோர் தோலிலும் இருக்கும் மலசீசியா என்ற பூஞ்சைக்கு, தோலில் சுரக்கும் எண்ணெய்தான் சாப்பாடு. அது வெளியேற்றும் கொழுப்பு அமிலங்கள் சிலருக்கு அழற்சியை உண்டாக்குகின்றன. மன அழுத்தம், குளிர்காலத்தில் இது கூடும். மற்றவர்களுக்குப் பரவாது. வீட்டில் யாரும் சீப்பை ஒளித்து வைக்க வேண்டாம்.

டாக்டர்கள் பெரும்பாலும் தருவது கீட்டோகோனசோல் 2% ஷாம்பு. வாரம் 2 முறை, 2 முதல் 4 வாரம் வரை. போட்டதும் அலசிவிடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. 3 முதல் 5 நிமிடம் ஊற வேண்டும். சரியானாலும் அடியோடு நிறுத்தினால் மறுபடி வரலாம் என்பதால், 1 அல்லது 2 வாரத்துக்கு ஒருமுறை தொடரச் சொல்வார்கள்.

முகத்தில் வந்தால் கூடுதல் கவனம் தேவை. மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் இரண்டே நாளில் சிவப்பைக் குறைத்துவிடும். ஆனால் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகச் சிவக்கும். ட்யூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருந்தால், டாக்டர் சொல்லாமல் முகத்தில் தடவாதீங்க.