மழை இரவில் மன அமைதி

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்ட லயன்கள் மண்சரிவில் புதையுண்டன. அதன் பின் ஊவாத் தோட்டங்களில் மழை பலத்தால் பலருக்கு உறக்கம் வருவதில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் அந்தப் பயத்தை மீண்டும் கிளறிவிட்டது. நாளை முழுப்பேர் கிடைக்குமா, கடைக் கடன் தீருமா என்ற கவலைகளும் சேர்ந்துகொள்கின்றன.

இத்தகைய இரவுகளுக்கு ஒரு பழக்கம் உதவும். புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்ம சோதனை நன்றியில்தான் தொடங்குகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் பேசாமல் அமருங்கள். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். இதயத் துடிப்பு தணியும். அன்று கிடைத்த நன்மைகளை ஒவ்வொன்றாக நினைத்து நன்றி சொல்லுங்கள்: கொழுந்துக் கூடையைத் தூக்கிவிட்ட அடுத்த காம்பரா அக்கா, காய்ச்சல் விட்ட பிள்ளை, சூடான தேநீர். கவலை திரும்ப வந்தால் அதனோடு சண்டையிடாமல் மறுபடி மூச்சைக் கவனியுங்கள்.

ஆனால் நன்றி என்பது வாய்மூடி இருப்பதல்ல. மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் ஆபத்து எச்சரிக்கப்பட்டும் மக்கள் அங்கேயே இருக்க நேர்ந்தது. தப்பியவர்களுக்கு 2016இல்தான் பூனாகலையில் வீடுகள் கையளிக்கப்பட்டன.

கலங்கிய மனத்துக்கு எல்லாப் பயமும் ஒன்றாகவே தெரியும். தெளிந்த மனம் பிரித்தறியும். சுவரில் புது வெடிப்பு, திடீரெனக் கலங்கும் ஊற்று, சாயும் மரம் ஆகியவை மூச்சுப் பயிற்சியால் தீர்பவையல்ல. பிள்ளைகளை எழுப்பி உடனே வெளியேறுங்கள். நிலமும் வீடும் கேட்டு மனு எழுத மாதர் சங்கம் கூடும்போது, அதே தெளிவோடு போய் உங்கள் பெயரையும் எழுதுங்கள்.