"கட்டக்கூடாது" என்றால் எங்கே போவது?
நியூயார்க் நகரில் ஓர் அப்பீல் போர்டு

மனை சொந்தம். பணமும் சொந்தம். ஆனால், "இங்கே இப்படி வீடு கட்டக்கூடாது" என்று அதிகாரிகள் சொல்லிவிடுகிறார்கள். மனைக்காரர் எங்கே போவார்?

அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரில், இப்படிப்பட்டவர்களின் குறையைக் கேட்பதற்கு ஒரு போர்டு இருக்கிறது. அது ஏற்பட்டு 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

சட்டம் வந்த கதை

முன்பு அந்த நகரில் அலுவலகக் கட்டிடங்களை எவ்வளவு உயரமாகவும் கட்டலாம். 1915-ம் ஆண்டில் "ஈக்விடபிள்" என்ற கட்டிடம் எழும்பியது. ஏறக்குறைய 40 மாடி! அதன் நிழல் அக்கம்பக்கத்துக் கட்டிடங்களின் மீது விழுந்தது. வெளிச்சம் போயிற்று. மக்கள் முணுமுணுத்தார்கள்.

1916-ல் நகரம் முழுவதற்கும் சட்டம் போட்டார்கள். எந்த இடத்தில் எதைக் கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம் என்று அது வரையறுத்தது. 1961-ல் அதைப் புதிதாக எழுதினார்கள்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்று. ஆனால் எல்லா மனையும் ஒன்று போல இருக்குமா? சில மனை முக்கோணமாக இருக்கும். சில மனையில் ஒரு பக்கம் பாறை இருக்கும். சட்டப்படி சுற்றிலும் இடம் விட்டால், வீடு கட்ட இடமே மிஞ்சாது. அதற்காகத்தான் 1916-லேயே இந்த போர்டையும் அமைத்தார்கள்.

ஐந்து பேர்

போர்டில் 5 பேர் இருக்கிறார்கள். நகரசபையின் சம்மதத்தோடு மேயர் இவர்களை நியமிக்கிறார். பதவிக்காலம் 6 ஆண்டு. ஒருவர் கட்டிடக் கலைஞராகவும், ஒருவர் என்ஜினீயராகவும், ஒருவர் நகர அமைப்பு நிபுணராகவும் இருக்க வேண்டும்.

நேராக இவர்களிடம் போய்விட முடியாது. முதலில் கட்டிட இலாகாவுக்கு மனுப் போட வேண்டும். அங்கே "முடியாது" என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்த மறுப்புத்தான் போர்டின் வாசலைத் திறக்கும் சாவி!

நிரூபிக்க வேண்டியவை

சட்டத்தில் இருந்து விலக்குக் கேட்பவர் ஐந்து விஷயங்களை நிரூபிக்க வேண்டும்:

1. மனையிலேயே தனிப்பட்ட குறை இருக்கிறது.

2. சட்டப்படி கட்டினால் நியாயமான வருமானம் கிடைக்காது. (தர்ம ஸ்தாபனங்களுக்கு இந்த நிபந்தனை இல்லை.)

3. விலக்குக் கொடுத்தால் அக்கம்பக்கத்தின் தன்மை கெடாது.

4. கஷ்டத்தை அவரே உண்டாக்கிக் கொள்ளவில்லை. (சட்டம் இருப்பது தெரிந்து மனையை வாங்கினார் என்பது மட்டும் குற்றம் ஆகாது.)

5. கேட்பது குறைந்தபட்ச விலக்குத்தான்.

ஐந்தும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் விலக்கு இல்லை. "எனக்குக் குடும்பம் பெரிது, இடம் போதவில்லை" என்று மட்டும் சொன்னால் பலிக்காது. போர்டு மனையின் குறையைத்தான் பார்க்கும். மனிதரின் குறையைப் பார்க்காது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. வரைபடம் வேண்டும். வரவு செலவுக் கணக்கு வேண்டும். பெரும்பாலும் வக்கீலும் வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் தேவை. சிறிய வீட்டுக்காரருக்கு இது பெரிய பாரம்.

பக்கத்து வீட்டாரும் பேசலாம்

விசாரணை பகிரங்கமாக நடக்கிறது. அண்டை வீட்டாருக்குத் தகவல் போகும். "இவர் மாடி கட்டினால் எங்கள் வீட்டுக்கு வெளிச்சம் வராது" என்று அவர்களும் சொல்லலாம். போர்டு உறுப்பினர்கள் மனையை நேரில் போய்ப் பார்ப்பதும் உண்டு.

விலக்குக் கிடைக்க 3 பேர் ஓட்டுப் போட வேண்டும். தோற்றவர் கோர்ட்டுக்குப் போகலாம். மனைக்காரர் ஜெயித்தால், பாதிக்கப்பட்ட பக்கத்து வீட்டாரும் போகலாம்.

வீடு ஒருவருடையது. வெளிச்சமும் காற்றும் தெருவுக்கே சொந்தம். இரண்டையும் தராசில் வைத்து நிறுப்பதுதான் இந்த ஐந்து பேரின் வேலை.