பள்ளி விட்ட பின் பிள்ளைகள்

சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றி ஊராட்சி மன்றங்கள் அடிக்கடி ஆலோசிக்கின்றன. மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்ட பிறகு ஊர்ப் பிள்ளைகளை யார் கவனித்துக் கொள்கிறார்கள் என்ற கேள்வி அங்கு எழுவது அரிது. இதுவும் ஊர்ப் பொதுக்காரியமே என்பதை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னர் தாய்மார் வேலை செய்த வயல் ஊரை ஒட்டியே இருந்தது. வீட்டில் பாட்டியோ அத்தையோ இருந்தார்கள். இன்று கூட்டுக் குடும்பங்கள் குறைந்துவிட்டன. திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பெண்கள் காலையில் பனியன் கம்பெனி வண்டி ஏறினால், வீடு திரும்ப இருட்டிவிடுகிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும்கூட வெளியூர் செல்வோர் பலர். சுற்றுப்பயணத்தின்போது, பூட்டிய வீட்டின் திண்ணையில் புத்தகப் பையுடன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை நாம் காண்கிறோம்.

இதனால் வரும் தீங்குகள் பல. சுற்றுச்சுவர் இல்லாத கிணறும் மழைநீர் தேங்கிய குட்டையும் ஊர்தோறும் உண்டு. தம்பி தங்கையைக் காக்கும் பொறுப்பு மூத்த பெண்ணின் தலையில் விழுகிறது. அவள் படிப்பு கெடுகிறது. வேறு வழியில்லாத தாய் வேலையையே விட்டுவிடுகிறாள். அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று வருந்தும் விவசாயப் பெருமக்கள் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பதில்லை. 1975ஆம் ஆண்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானவை. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவர் அல்லது அதற்கு மேல் இருந்தால், அவர்களைக் கவனிக்க ஒரு பெண்ணை அமர்த்த வகை செய்தது. 2022ஆம் ஆண்டில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் காலைப் பசியைத் தீர்க்கிறது. ஆயினும் ஆறு வயதைக் கடந்த பிள்ளைக்கு மாலை நான்கு மணிக்கு மேல் நிலையான ஏற்பாடு இல்லை. குறை இங்கேதான் உள்ளது.

2021ஆம் ஆண்டில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், கொரோனாக் காலத்தில் விட்டுப்போன படிப்பை ஈடுசெய்ய வந்தது. எனினும் அது ஓர் உண்மையை விளக்கிற்று: உள்ளூர்ப் பெண் ஒருவர், சிறு மதிப்பூதியத்தில், இருபது பிள்ளைகளை மாலையில் ஓரிடத்தில் அமர்த்தி நடத்த இயலும்.

ஆகவே ஊராட்சிகள் மாலைக் காப்பகம் ஒன்றைத் தொடங்கலாம். முதலில், எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் எத்தனை மணி வரை தனித்திருக்கிறார்கள் என்று வார்டு வாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். இடத்துக்குப் பெரும் செலவு வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டில் வந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகங்கள் பல ஊர்களில் பூட்டியே கிடக்கின்றன. விளக்கு, குடிநீர், கழிப்பிடம் மூன்றையும் சரிசெய்தால் போதும். மகளிர் சுயஉதவிக் குழுவினரில் பொறுப்புள்ள ஒருவரை அமர்த்தி, துணைக்கு மற்றொருவர் முறைவைத்து வரலாம். வருகைப் பதிவேடு அவசியம். பெற்றோர் எழுதிக் கொடுத்தவரிடம் அன்றிப் பிறரிடம் பிள்ளையை ஒப்படைத்தலாகாது.

செலவை ஓர் உதாரணத்தால் காண்போம். பிள்ளைகள் 20, மாதத்தில் 22 நாட்கள். பொறுப்பாளருக்கு நாளொன்றுக்கு 150 ரூபாய் வீதம் 3,300 ரூபாய். பிள்ளைக்கு 5 ரூபாய் வீதம் சுண்டலுக்கு 2,200 ரூபாய். ஆக மொத்தம் 5,500 ரூபாய். பிள்ளை ஒன்றுக்கு 275 ரூபாய். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். ஆகவே ஒரு நாள் கூலியை இழப்பதைவிட ஒரு மாதக் காப்பு மலிவானது. எனினும் இத்தொகையையும் தர இயலாத குடும்பங்கள் உண்டு. கட்டணத்தை மட்டும் நம்பினால் மிக வறியவரின் பிள்ளைகளே விடுபட்டுப் போவார்கள். அவர்களுடைய பங்கை ஊராரின் நன்கொடையால் ஈடுசெய்தல் முறையாகும்.

இது நடவாத காரியம் என்று கருத வேண்டாம். 1956ஆம் ஆண்டில், காமராசர் முதலமைச்சராயிருந்தபோது, பள்ளிகளில் மதிய உணவு முதலில் ஊர் மக்களின் நன்கொடையைக் கொண்டே வழங்கப்பட்டது. பின்னர் அரசின் நிதி வந்து சேர்ந்தது. ஊர் முன்வந்தால் அரசு பின்துணையாகும் என்பதற்கு அதுவே சான்று.

வரும் கிராம சபையில் ஊராட்சி உறுப்பினர்கள் இதனை ஒரு பொருளாக வைத்து விவாதிப்பார்களாக. பூட்டிய நூலகத்தின் சாவியை எடுப்பதே முதல் வேலை.