கேரட்டும் கேரட் மாத்திரையும்

சுவாசிக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி, செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில்தான் செலவாகிறது. உணவிலிருந்து வரும் எலெக்ட்ரான்கள் அங்கே ஒரு புரதத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிக்கொண்டே போய், கடைசியில் ஆக்சிஜனுடன் சேர்ந்து தண்ணீராகின்றன. அவற்றில் ஒரு சிறு பங்கு பாதி வழியிலேயே நழுவி ஆக்சிஜனில் ஒட்டிக்கொள்கிறது. அப்படிப் பிறப்பது சூப்பர்ஆக்சைடு. மூலக்கூறுகளில் எலெக்ட்ரான்கள் பொதுவாக ஜோடி ஜோடியாக இருக்கும். ஜோடியில்லாத எலெக்ட்ரானைச் சுமந்து திரிபவை ஃப்ரீ ராடிக்கல்கள். சூப்பர்ஆக்சைடும் அந்த வகைதான். சிகரெட் புகை, புற ஊதாக் கதிர், எக்ஸ் கதிர், வாகனப் புகை ஆகியவை உடலில் இவற்றைப் பெருக்கும். எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவர் உடலிலும், மூச்சு ஓடும்வரை இவை உண்டாகிக்கொண்டேதான் இருக்கும்.

சூப்பர்ஆக்சைடு அவ்வளவு முரடு அல்ல. அது ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறி, அந்தப் பெராக்சைடு இரும்பு அயனியைச் சந்திக்கும்போதுதான் நிலைமை முற்றுகிறது. அப்போது உண்டாகும் ஹைட்ராக்சில் ராடிக்கல், கொழுப்போ புரதமோ டிஎன்ஏவோ, பக்கத்தில் இருப்பது எதுவானாலும் உடனே தாக்கிவிடும். செல் சவ்வின் கொழுப்பில் அடி விழுந்தால் சேதம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அடிபட்ட மூலக்கூறு தானும் ராடிக்கலாகி அடுத்ததைத் தாக்க, தொடர்வினை ஓடத் தொடங்குகிறது. நாள்பட்ட எண்ணெயில் காறல் வாடை அடிப்பதும் இதே வேதியியல்தான். நல்லெண்ணெய் எளிதில் காறாமல் இருப்பதற்கு, எள்ளில் உள்ள செசமோலினும் அதிலிருந்து உண்டாகும் செசமோலும் முக்கியக் காரணம். ராடிக்கலுக்கு வேண்டியதைத் தாமே கொடுத்து, தொடர்வினையை நடுவில் அறுத்துவிடும் இத்தகைய பொருள்களே ஆன்டி ஆக்ஸிடன்ட்கள்.

1900இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பர்க் முதல் கரிம ஃப்ரீ ராடிக்கலை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினார். அது உடலுக்குள்ளும் இருக்கும் என்று அப்போது பெரிதாக யாரும் எண்ணவில்லை. அதிக ஆக்சிஜனின் நச்சுத்தன்மையும் எக்ஸ் கதிர்ச் சேதமும் ஒரே வழியில், ஃப்ரீ ராடிக்கல் வழியில், நடக்கின்றன என்று 1954இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெபெக்கா கெர்ஷ்மன் எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து டென்ஹம் ஹார்மன், முதுமைக்கே இதுதான் காரணம் என்றார். திருப்பம் 1969இல் வந்தது. டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும், சூப்பர்ஆக்சைடை அழிப்பதையே வேலையாகக் கொண்ட ஒரு என்சைமைக் கண்டறிந்தார்கள். அதை அழிக்கத் தனி என்சைம் வைத்திருக்கும் உடலில், அது நிச்சயம் உண்டாகிக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா?

இந்த என்சைம்தான் உணவு பற்றிய பேச்சில் அடிக்கடி விடுபட்டுப்போகிறது. சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூடேஸ், கேட்டலேஸ், குளூட்டாதியோன் பெராக்சிடேஸ் ஆகியவையே உடலின் முதல் காவல். ஒரு வைட்டமின் மூலக்கூறு ஒரு ராடிக்கலை அடக்கியதும் தன் ஆற்றலை இழக்கிறது. வேறொன்று வந்து அதைப் புதுப்பித்தால்தான் மறுபடி பயன்படும். என்சைமோ ஒரே வினையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கும். இவற்றை உடலே தயாரித்துக்கொள்கிறது. அதற்கு வேண்டிய துத்தநாகம், தாமிரம், மாங்கனீஸ், செலினியம், இரும்பு ஆகியவை பருப்பு, தானியம், முட்டை, மீன், கொட்டைகளிலிருந்து வர வேண்டும். ‘ஆன்டி ஆக்ஸிடன்ட் நிறைந்தது’ என்ற விளம்பரத்தோடு யாரும் பருப்பு விற்பதில்லை.

உணவிலிருந்து நேரடியாக வருபவை இரண்டாவது காவல். வைட்டமின் சி தண்ணீரில் கரையும். ரத்தத்திலும் செல்லின் நீர்ப்பகுதியிலும் இயங்கும். கொழுப்பில் கரையும் வைட்டமின் ஈ சவ்வுகளில் தங்கித் தொடர்வினையை அறுக்கும். அது களைத்ததும் வைட்டமின் சி அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். இவற்றோடு கேரட், பூசணி, முருங்கைக்கீரையில் உள்ள பீட்டா கரோட்டின், தக்காளியின் லைக்கோபீன், தேநீர், நாவல், சின்ன வெங்காயம் போன்றவற்றின் பாலிஃபீனால்கள்.

காய், பழம் நிறைய உண்பவர்களுக்குப் புற்றுநோயும் இதய நோயும் குறைவு என்று கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பக் காட்டின. அப்படியானால் அவற்றிலுள்ள ஆன்டி ஆக்ஸிடன்ட்டை மட்டும் பிரித்து மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? கேள்வி நியாயமானதே. பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையான, புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் இது சோதிக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. 5 முதல் 8 ஆண்டுகள் கழித்து 1994இல் முடிவு வெளியானது. பீட்டா கரோட்டின் உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். தற்செயலாக இருக்கலாம் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், முன்பு புகைத்தவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என 18,314 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு 28 சதவீத அதிகரிப்பைக் காட்டி, 1996 ஜனவரியில் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

பின்லாந்து ஆய்வில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. வெற்று மாத்திரை உண்டவர்களில், தொடக்கத்திலேயே உணவிலும் ரத்தத்திலும் பீட்டா கரோட்டின் கூடுதலாக இருந்தவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வந்தது. தட்டில் இருந்த கேரட் நன்மையோடு சேர்ந்தே தென்பட்டது. அதன் நிறமியைப் பிரித்து மாத்திரையாக்கியதும் தீமை செய்தது. காய்கறி அதிகம் உண்பவர்கள் வேறு பல பழக்கங்களிலும் மாறுபட்டவர்கள் என்பது ஒரு காரணம். ஒரு கேரட்டில் பீட்டா கரோட்டின் மட்டும் இல்லை என்பது இன்னொன்று. 20 மில்லிகிராம் வேண்டுமென்றால் தினமும் கால் கிலோ கேரட்டாவது தேவை; மாத்திரையிலோ அது எளிதாக உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் அளவைப் பன்மடங்கு ஏற்றிவிடும். புகையால் நிறைந்த நுரையீரலில் அந்த அளவு பீட்டா கரோட்டின் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து கேடு செய்யும் என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

வைட்டமின் ஈயும் தப்பவில்லை. 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், அதை உண்டவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011இல் தெரிந்தது. 78 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2012ஆம் ஆண்டு அலசலும், இந்த மாத்திரைகள் ஆயுளை நீட்டியதற்குச் சான்று இல்லை என்றே முடித்தது.

ஃப்ரீ ராடிக்கல் என்றாலே எதிரி என்று வைத்துக்கொண்டதில்தான் தவறு இருந்தது. வெள்ளை அணுக்கள் விழுங்கிய கிருமியைக் கொல்வது சூப்பர்ஆக்சைடை உண்டாக்கித்தான். அந்தத் திறன் பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் மீண்டும் மீண்டும் கடும் தொற்றுக்கு ஆளாகிறார்கள். ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடும் ஒரு ஃப்ரீ ராடிக்கலே. அதன் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. உடற்பயிற்சியின்போது தசையில் இவை கூடுகின்றன. அதை அடையாளமாகக் கொண்டு உடல் தன் என்சைம்களைப் பெருக்கிக்கொள்கிறது. ஜெர்மனியில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை அதிக அளவில் உண்ட இளைஞர்களுக்கு, இன்சுலின் நன்கு செயல்படுவது என்ற, பயிற்சியால் வர வேண்டிய நன்மை கிட்டத்தட்ட வரவேயில்லை. பாலிஃபீனால்களின் பயனும் இந்த வழியில்தான் இருக்கும் என்று இன்று கருதப்படுகிறது. ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும் அவை ராடிக்கல்களை நேரடியாக அடக்குவதைவிட, உடலின் சொந்த என்சைம்களைத் தூண்டுவதே அதிகம். சோதனைக் குழாயில் உணவுகளின் ஆன்டி ஆக்ஸிடன்ட் திறனை அளந்து வெளியிட்ட பட்டியலை அமெரிக்க விவசாயத் துறை 2012இல் திரும்பப் பெற்றுக்கொண்டதற்கும், அந்த எண்ணுக்கும் உடலில் நடப்பதற்கும் தொடர்பு நிறுவப்படாததே காரணம். விளம்பரங்களில் மட்டும் அந்த எண்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

மஞ்சளின் கதையும் இதைப் போன்றதே. அதிலுள்ள குர்குமினோடு மிளகின் பைப்பரின் சேர்ந்தால் மனித ரத்தத்தில் அதன் அளவு 20 மடங்கு கூடுவதாக 1998இல் பெங்களூரு ஆய்வு ஒன்று காட்டியது. அங்கே கொடுத்தது 2 கிராம் குர்குமின். மஞ்சள் தூளில் அது 3 சதவீதம் அளவே இருப்பதால், 60 கிராமுக்கு மேல் தூள் வேண்டும். எந்தக் குழம்பும் அதைத் தாங்காது.

உணவைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ஒரு நாளைக்குக் காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம். எந்தக் காய் என்பதைவிடப் பலவகை என்பது முக்கியம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. விலை கூடிய இறக்குமதிப் பழங்கள் பலவற்றில் அதில் பாதிகூட இல்லை. வைட்டமின் சி சூட்டிலும் வடிக்கும் நீரிலும் போய்விடும் என்பதால் கொய்யா, நெல்லி, எலுமிச்சை ஆகியவற்றைச் சமைக்காமல் சேர்ப்பது நல்லது; எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழிந்தால் போதும். கேரட், கீரை, தக்காளி இதற்கு நேர்மாறு. வேகவைத்தால் செல் சுவர் உடைந்து நிறமி வெளிவரும். தாளிக்கும் எண்ணெய் அதைக் குடலில் உறிஞ்ச உதவும். எண்ணெயே இல்லாத பச்சைக் கேரட் சாற்றில் உடலுக்குள் சேர்வது குறைவு.

மாத்திரை யாருக்கும் தேவையில்லை என்பதல்ல இதன் பொருள். சீனாவின் லின்சியன் பகுதியில், ஊட்டம் குறைந்த சுமார் 30,000 பேருக்குப் பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றும் சேர்த்துக் கொடுத்தபோது இறப்பு 9 சதவீதம் குறைந்தது. பற்றாக்குறை உள்ள இடத்தில் அதே பொருள் மருந்தாகிறது. குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் கொடுப்பது இந்தக் கணக்கில் சேர்ந்தது. புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடக்கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்களும், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களும் இத்தகைய மாத்திரைகள் எதையும் மருத்துவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.